கருப்பனுக்கு நேர்ந்த கோழி

செல்லூரில் எங்கள் தெருவில் கோழிக்கு மரியாதை கிடையாது. அந்த நாளில் தறிக்கான பாவு போடுவதெல்லாம் தெருவில்தான். விடிந்தும் விடியாமலும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, வெயில் உறைப்பதற்குள் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். கஞ்சி வாசனைக்குக் கோழிகள் வந்துவிடும். கொத்தினால் இழை அறும். அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் விரல் நுனி மரத்துப் போகும். அதனால் பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் குச்சியோடு நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். கல்லெறிவதிலும் எனக்குக் குறி தப்பாது. தெருக் கோழிகளுக்கு என் தலையைக் கண்டாலே ஆகாது.

மதினியின் கோழியை மட்டும் நானும் விரட்டியதில்லை, தெருவில் வேறு யாரும் விரட்டியதில்லை. அது சாமி கோழி.

மதினி என் அண்ணனின் மனைவி. கல்யாணமான மறு வருஷமே அண்ணன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் அவனுக்கு வேலை. வீட்டில் அப்பா, அம்மா, மதினி, நான் என்று நாலு பேர் மிச்சம். மதினி பேரையூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். எங்கள் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். மழை பொய்த்துப் போன ஒரு காலத்தில் தாத்தா மதுரைக்கு வந்து தறியில் உட்கார்ந்திருக்கிறார். குலசாமி கருப்பன் மட்டும் அந்தக் கரிசக்காட்டிலேயே நின்றுவிட்டான். மதினிக்குத் தறி வேலை ஒன்றும் வராது. நூலைத் தொட்டால் சிக்காக்கி வைப்பாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளை நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அவளும் சும்மா இருக்க மாட்டாள். மாட்டுக்கு எந்தப் பக்கம் வாலு என்று தெரியாத டவுன்காரி என்று என்னைச் சொல்வாள்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்ற சேதி மார்கழிக் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து ஒரு வரி இல்லை. ரங்கூனில் இருந்த நம் ஆட்களெல்லாம் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே வருகிறார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மா அழுதுகொண்டே கிடந்தாள். அப்பா தறிக்குழியை விட்டு ஏறவில்லை. மதினி ஒரு காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கோழியைப் பிடித்தாள். முட்டைக்கு வராத வெடைக்கோழி. உடம்பெல்லாம் செம்பட்டை நிறம், கழுத்தில் மட்டும் கறுப்புப் புள்ளிகள். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கருப்பன் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்து நின்றாள்.

"அவுக நல்லபடியா வீடு வந்து சேந்தா, இந்தக் கோழியக் கொண்டாந்து ஒனக்குக் குடுக்குறேன், கருப்பா."

கருப்பனுக்குச் சேவல் நேர்வதுதானே வழக்கம், இதென்ன பெட்டையைப் போய் என்று அம்மா கேட்டாள். என்னிடம் சொந்தமாக இருப்பது இது ஒன்றுதான், இரவல் வாங்கிச் சாமிக்குக் கொடுக்க மாட்டேன் என்று மதினி சொல்லிவிட்டாள். அம்மா மஞ்சள் தண்ணீரைக் கோழியின் தலையில் தெளித்தாள். அது உடம்பைச் சிலுப்பி உதறியது. சாமி ஏற்றுக்கொண்டது என்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. தலையில் தண்ணீர் விட்டால் எந்தக் கோழியும் உதறத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கோழிக்கு ராஜ வாழ்க்கை. நேர்ந்துவிட்டதை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, அது வாய் வைத்ததைப் பிடுங்கக் கூடாது. சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் நேரே வந்து சுளகுக்குள்ளேயே ஏறி நின்று கொத்தும். எதிர்வீட்டில் காயவைத்த கம்பையும் தின்னும். பாவுக்கு அடியில் புகுந்து கஞ்சி சொட்டிய இடமெல்லாம் கிளறும். கீழே கிடக்கும் பிசிறு நூலைக் கொத்தும். நாங்கள் குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, போ தாயே, அந்தப் பக்கம் போ தாயே என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சுவோம். அது எங்களை மதிக்காது. மாசியில் முட்டைக்கு வந்தது. அந்த முட்டைகளையும் வீட்டில் யாரும் தின்னக் கூடாது என்று அம்மா உத்தரவு.

சித்திரை வெயிலில் அதற்குச் சீக்கு வந்தது. முதலில் முட்டை நின்றது. பிறகு தீனி எடுக்கவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே நின்றது. கொண்டை கருத்துப் போனது. வாயைத் திறந்தால் புளித்த நாற்றம் அடித்தது.

எங்கள் தெருவில் சீக்குக் கோழிக்கு வைத்தியம் என்ற பேச்சே கிடையாது. அது தானாகச் சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். எதிர்வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்த்து, ஐயோ பாவம் என்று சொன்னாள். அவள் சொன்ன தினுசில் மிளகாய் அரைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருப்பாள் என்று எனக்குப் பட்டது. பிறகுதான் அது சாமி கோழி என்று நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நேர்ந்த கோழி அப்படிச் செத்துப்போனால் அது நல்லதற்கில்லை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் முகத்துக்கு நேரே ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அம்மா இரண்டு யோசனை சொன்னாள். உயிர் இருக்கும்போதே கொண்டுபோய்க் கருப்பனிடம் கொடுத்துவிடலாம் என்றாள். இல்லையென்றால் இதே நிறத்தில் வேறொரு கோழி பார்த்து வாங்கி இதன் இடத்தில் விட்டுவிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது என்றாள். அண்ணன் என் அம்மா பெற்ற பிள்ளை. அவள் எதைச் சொன்னாலும் அவனுக்காகத்தான் சொன்னாள். மதினி இரண்டுக்கும் தலையசைக்கவில்லை. கையில் ஏந்தியது இந்தக் கோழி, இன்னொன்றைக் காட்டி ஏமாற்ற முடியாது என்றாள். முன்கூட்டிக் கொடுப்பதற்கு அவள் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்குக் காதில் இருக்கிறது.

"ஆள் வாரதுக்கு முந்தியே குடுத்தா, அவுக வந்து சேந்துட்டாகன்னுல்ல சாமி நெனைச்சுக்கும்? பெறகு அது அவுகளத் தேடாது, அத்தே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. கோழி பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை என்றாகிவிட்டது.

மதினி சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், வேப்பங்கொழுந்து எல்லாம் வைத்து அரைத்துச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி வாயில் திணித்தாள். ஊரில் கழிச்சலுக்குக் கொடுக்கிற மருந்தாம். கோழி முழுங்க முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டித் தவித்தது. மருந்து போகப் போக அதன் நெஞ்சுக்கு மேலே, இரைப்பை இருக்கிற இடம், இன்னும் வீங்கியது. மதினி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். கேட்டால் பதில் சொன்னாள். கண் மட்டும் கோழியை விட்டு எழவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்தக் கோழி செத்தால் இவள் என்ன ஆவாள் என்று நினைத்துக்கொள்வேன். அண்ணனைப் பற்றி நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தெருவே காலியாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும்கூட மகனுக்காக வேண்டிக்கொள்ள ஆற்றுக்குப் போய்விட்டார்கள். மதினி வரவில்லை என்றாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் நின்றுகொண்டேன். கோழிக்குத் தண்ணீர் புகட்ட அலகைப் பிரித்துப் பிடித்தபோது, நாக்குக்கு அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது. மேலே இழுத்தால் கோழியின் கழுத்தே கூட வந்தது. தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். நூல்.

மதினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் இரைப்பையை அழுத்திப் பார்த்தாள். என் கையையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். உள்ளே பிசைந்த களிமண் கணக்காகக் கெட்டியாக ஒன்று இருந்தது. மற்றக் கோழியையெல்லாம் குச்சியால் அடித்து ஓட்டினோம், அதெல்லாம் நன்றாகத் தெருவில் திரிந்தது. இதை மட்டும் சாமி கோழி, சாமி கோழி என்று தொடாமல் விட்டோம். கஞ்சி ஊறிய நூலை அது சோறென்று தின்றிருக்கிறது.

சோளம் தின்று இரைப்பை அடைத்துப்போனால் ஊரில் அறுத்து எடுத்துத் தைப்பார்கள் என்று மதினி சொன்னாள். பார்த்திருக்கிறாளாம், செய்ததில்லையாம். அப்பாவின் சவரக் கத்தியை எடுத்து வந்தாள். வெந்நீர் போட்டு அதில் உப்பும் மஞ்சளும் கலந்தாள். பெரியவர்கள் வரட்டுமே என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தால் விட மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்ததால் பலகையை எடுத்துவந்து போட்டேன்.

"கெட்டியாப் புடிச்சுக்கிறியா, தாயி? என்ன ஆனாலும் கைய எடுத்துறாத."

பிடித்துக்கொண்டேன். பலகையில் மல்லாக்கப் போட்டு, காலைத் துணியால் கட்டி, அதன் கண்ணை மூடினேன். மதினி நெஞ்சுக்கு மேலே இருந்த இறகைப் பிடுங்கினாள். தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. கத்தியை வைத்து ஒரே கோடாக இழுத்தாள். ரத்தம் அவ்வளவாக வரவில்லை. உள்ளே இரைப்பை வெளுத்துத் தெரிந்தது. அதையும் கீறினாள். விரலை விட்டு இழுக்க ஆரம்பித்தாள். நூல் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. எங்கள் பாவின் அரக்கு, எதிர்வீட்டுப் பச்சை, தெருக்கோடி வீட்டு மாம்பழ மஞ்சள் என்று அந்த மாதம் தெருவில் யார் யார் என்ன நிறம் போட்டார்களோ அத்தனையும் அந்த உருண்டைக்குள் இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கோழி ஒரு தடவை உதைத்துவிட்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதோ என்று நான் கேட்கப் போனேன். என் விரலுக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

உப்புத் தண்ணீரால் உள்ளே கழுவிய பிறகு மதினி ஊசியை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை. நான் கோழியை அவளிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஊசியை வாங்கினேன். அறுந்த இழையைச் சேர்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய வேலை. உள்பையை முதலில் தைத்தேன், பிறகு தோலைத் தைத்தேன். முடித்துவிட்டுக் கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது மதினி கோழியைத் தன் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அன்றைக்குப் பிறகு நாங்கள் சண்டை போட்டதில்லை.

மறுநாள்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிறகு நொய்க்கஞ்சியை வடிகட்டி, பிள்ளைகளுக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டோம். ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவினோம். விவரம் கேட்ட அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாமிக்கு உரியதில் கத்தி வைத்துவிட்டீர்களே என்று புலம்பினாள். அப்பா வந்து குனிந்து தையலைப் பார்த்தார். தையல் நெருக்கமாக விழுந்திருக்கிறது என்றார். என் வேலையை அவர் பாராட்டியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

கோழி பிழைத்தது. தலையைத் தூக்கியது, எழுந்து நின்றது, ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் திறந்ததும் தானே வெளியே வந்து மண்ணைக் கிளறியது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இது பொழைச்சிருச்சுல்ல. அவுக எங்கிட்டோ நடந்து வந்துக்கிட்டிருக்காக, பாரு."

அவளைக் கேலி செய்யும் வாய் எனக்கு அன்று எழவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பினேன். சாமி, நேர்த்தி எல்லாவற்றையும் எகத்தாளம் பேசிய நான், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டு ஓடி வந்து பார்ப்பேன். கோழி நன்றாகத் தீனி எடுத்த நாளெல்லாம் எனக்குச் சந்தோஷமான நாள்.

ஆனியில் ஒருவர் வந்தார். அடுத்த தெருக்காரர், ரங்கூனில் அண்ணனோடு அதே கடையில் இருந்தவர். ஆளே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கால் இரண்டும் புண்ணாக இருந்தது. அம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கிக் குடிக்காமலே நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இருவரும் சேர்ந்துதான் புறப்பட்டார்களாம். மலை ஏறும்போது அண்ணனுக்கு வயிற்றுக் கடுப்பு கண்டு ரத்தமாகப் போயிருக்கிறது. ஒரு ஓடைக்கரையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. குழி தோண்டக் கையில் ஒன்றும் இல்லை, கல்லும் இலையும் போட்டு மூடிவிட்டு வந்தேன் என்று சொல்லி அவர் அழுதார். அம்மா தரையில் விழுந்து புரண்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எந்த மாசம் என்று கேட்டாள். பங்குனி பிறந்து கொஞ்ச நாள் இருக்கும் என்றார் அவர்.

அவள் திரும்பிக் கோழியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாங்கள் பாலாடையில் கஞ்சி விட்டது சித்திரையில். அதற்கு முன்பே என் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கோழி கொழுகொழுவென்று முற்றத்தில் நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் கழுத்தைத் திருகிப் போட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா நிஜமாகவே விறகுக் கட்டையைத் தூக்கிவிட்டாள். என் மகன் உசுரைத் தின்னுட்டு இது நிக்குது பாரு என்று கத்தினாள். மதினி எழுந்துபோய்க் கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டு மூடிவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பாமல் குலசாமி கோயிலுக்குப் போகக் கூடாது. அந்த ஒரு வருஷமும் கோழி எங்களோடு இருந்தது. மதினி தாலியைக் கழற்றி, வெள்ளைச் சேலை கட்டி, தறியில் எனக்கு உதவியாக நூல் சுற்றப் பழகிக்கொண்டாள். கோழிக்கு வேளாவேளைக்குத் தீனி வைத்தாள். தூக்கிக் கொஞ்சவில்லை, வெறுக்கவும் இல்லை. வருஷம் திரும்பியதும் அம்மா பேச்சை எடுத்தாள். ஆள் வராவிட்டாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான், அதை வீட்டில் வைத்திருந்தால் மிச்சம் இருக்கிறவர்களையும் அடிக்கும் என்றாள். அவளுக்கு இனி நான் ஒருத்திதான் பிள்ளை. மதினி மறுத்துப் பேசவில்லை. "வாரேன் அத்தே, போவோம்" என்று சொல்லிவிட்டுக் கோழியை அவளே பிடித்தாள்.

அம்மா, மதினி, நான் மூவரும் பேரையூர் போகிற பஸ்ஸில் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய சண்டைக் காலத்துக் கரி பஸ். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், கோழியைத் தூக்கிக்கொண்டு நாங்களும் இறங்கி நடந்தோம். பாதை பிரிகிற ஒரு விலக்கில் இறங்கிக் கரிசக்காட்டில் வெகுதூரம் போனால் கருப்பன் கோயில். கூரை இல்லை. ஒரு வேலமரமும், நட்டுவைத்த அரிவாள்களும், கல்லும்தான். பூசாரி பொங்கல் வைக்கச் சொல்லிவிட்டுக் கோழியை வாங்கிப் பார்த்தார். நெஞ்சில் இறகு முளைக்காமல் கோடாக இருந்த தழும்பைத் தடவி, இதென்ன என்று கேட்டார். அம்மா பயந்துபோய் என்னென்னவோ சொன்னாள். பரவாயில்லை, சாமி ஏற்றுக்கொள்ளும் என்று பூசாரி கத்தியை எடுத்தார்.

மதினி கையை நீட்டிக் கோழியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கல்லுக்கு எதிரே போய் நின்றாள். சத்தம் போடவில்லை, சாமி வந்தும் ஆடவில்லை. கடையில் கொடுத்து வைத்த பொருளை விசாரிக்கிறவள் குரலில் கேட்டாள்.

"நான் பாத்துக்கிட வேண்டியத நான் சாகவிடாம பாத்துக்கிட்டேன். அறுத்துத் தச்சு, கஞ்சி ஊத்திப் பாத்துக்கிட்டேன். ஒன்னய நம்பி விட்டத நீ என்ன செஞ்ச?"

பூசாரி கத்தியோடு அப்படியே நின்றார். அம்மா கீழே விழுந்து, தெரியாமப் பேசுறா சாமி, சின்னப் புள்ள சாமி என்று மண்ணில் நெற்றியை முட்டிக்கொண்டாள். மதினி பதில் வரும் என்று நிஜமாகவே எதிர்பார்த்த மாதிரி நெடுநேரம் நின்றாள். காற்று அடித்தது. பொங்கல் பானை பொங்கித் தீயில் வழிந்தது. அப்புறம் அவள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

நான் அம்மாவைத் தூக்கிவிட்டேன். எனக்குப் பயமே இல்லை. அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அம்மா நடக்க முடியாமல் நடந்து வந்தாள். விலக்கில் பஸ்ஸுக்காக நின்றோம். நிழல் இல்லை. கோழி மதினியின் கையில் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மதினியிடம் நீட்டினாள்.

"நாக்கு வறண்டு கெடக்கு பாரு. குடிக்கக் காட்டுத்தா" என்றாள்.